ஆவாரை பூத்த வழி



கண்டிச் சந்தையிலே மூலிகை விற்கும் கடைகளில் 'ரணவரா' என்று சிங்களத்தில் எழுதிய சிறு பொதிகளைக் கண்டிருப்பீர்கள். உள்ளே இருப்பவை உலர்ந்த மஞ்சட் பூக்கள். வெந்நீரிலிட்டு, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பருகுவது சிங்கள மக்களின் வழக்கம். நாம் ஆவாரை என்றழைக்கும் செடியின் பூவே அது.

ஆனால் ஆவாரை ஈரம் மிகுந்த கண்டி மலையின் செடியன்று. மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டை போன்ற வறண்ட பகுதிகளே அதன் வீடு. கடலுக்கு அப்பால் இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளின் கரம்பு நிலங்களிலும் மழை பொய்த்த காலத்தே பொன்போலப் பூத்து நிற்கும். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே அடுக்கிச் சொல்லும் மலர்களுள் ஆவிரையும் ஒன்று. காதல் கைகூடாத தலைவன் மடலேறும்போது சூடுகின்ற பூவும் இதுவே.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்பது பழமொழி. ஒருநாள் வகுப்பிலே இதன் மருத்துவச் சிறப்பை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் மன்னாரில் இறங்கி நடந்து வந்தவராம். கூட வந்தவர்கள் பலர் வழியிலேயே செத்துப்போனார்களாம். அந்த வழியில் ஆவாரை பூக்கவில்லையா?" என்று கேட்டான்.

எனக்கு உடனே விடை வரவில்லை.

அவன் கேட்டது வரலாறு. 1820களிலே கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. அடுத்து வந்த ஆண்டுகளில் அவை பெருகப் பெருக, கங்காணிமார் தென்தமிழகத்து ஏழைகளை அழைத்து வந்தனர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியோர், காடும் கரம்புமான வடபாதையால் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். இருநூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நடை அது. கோப்பி பழுக்கும் பருவத்தே வந்து, பறிப்பு முடிந்ததும் பலர் அதே வழியே ஊர் திரும்பினர். வாந்திபேதியும் அம்மையும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கொன்றன. நடக்கமாட்டாத நோயாளிகள் வழியோரத்திலே கைவிடப்பட்டதும் உண்டு. இறந்தோர் தொகை பற்றி ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர். 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பலும் இணைந்த பின்னர், அந்த நடைக்குத் தேவை இல்லாமற்போயிற்று.

மறுநாள் மாணவனுக்கு விடை சொன்னேன். "தம்பி, மன்னாரிலே ஆவாரைக்குப் பஞ்சமில்லை. உன் முன்னோர் அதை நன்கு அறிந்தவர்கள். தம் ஊரிலே கண்ட பூவை இறங்கிய கரையிலும் கண்டிருப்பார்கள். ஆனால் அழுக்கு நீரால் வரும் வாந்திபேதியைப் பூவா தடுக்கும்? அவர்களுக்கு வேண்டியிருந்தவை நல்ல கிணறும், தங்குமடமும், ஒரு வேளைச் சோறும், மருந்தும். கோப்பி விற்ற இலாபத்தைக் கணக்கிட்டவர்கள் இவற்றைக் காலத்தே கொடுத்திருந்தால், எத்தனையோ பேர் மாத்தளையைக் கண்டிருப்பார்கள்."

அவன் தலையசைத்து அமர்ந்தான். அன்று முதல் அந்தப் பழமொழியை மருத்துவப் பெருமையோடு மட்டும் நான் நிறுத்துவதில்லை. மூலிகையைப் போற்றிய நம்மவர் அறிவு மெய். அந்த அறிவு படைத்தோர் அநாதரவாக மடிந்ததும் மெய். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

நேயர்களே, திருக்கேதீச்சர யாத்திரைக்குச் செல்வோர் மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி வழியாகவே மன்னாரை அடைகின்றனர். பஸ்ஸிலே சில மணி நேரப் பயணந்தான். மன்னாரை நெருங்கும்போது வெளியே பாருங்கள். வெயிலிலே மஞ்சளாய் ஒரு செடி பூத்திருந்தால், பெயரறியாத அந்த நடைப்பயணிகளையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.