கத்தரிக்கோலும் தேயிலைக் கொழுந்தும்

திரைப்படம் படப்பிடிப்புக் களத்தில் உருவாகிறது என்றே நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது உருவாவது தொகுப்பு மேசையில். ஒரு காட்சி எங்கே முடிய வேண்டும், அடுத்து எது வர வேண்டும், அதன்மேல் எவ்வொலி கேட்க வேண்டும் என்னும் முடிவுகளே படத்தின் பொருளை ஆக்குகின்றன. புரட்சிக்குப் பிந்திய ரஷ்யாவில் குலெஷோவ் இதனைச் சோதித்துக் காட்டினார். ஒரே நடிகரின் சலனமற்ற முகத்தை உணவுக் கிண்ணத்தோடும், பின்னர் சவப்பெட்டியோடும் ஒட்டினார். பார்த்தோர் முன்னதில் பசியையும் பின்னதில் துயரையும் கண்டனர். முகமோ மாறவேயில்லை! ஐசன்ஸ்டீனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' (1925) இக்கலையின் முதிர்ந்த கனி.

அக்கலை நம் தேயிலைத் தோட்டம்வரை வந்த வரலாறு வியப்புக்குரியது. 1934இல், இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில், 'சோங் ஒஃப் சிலோன்' உருவாயிற்று. தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். இயக்கிப் படம்பிடித்துத் தொகுத்தவர் பசில் றைற். இருவரும் சோவியத் படங்களைக் கற்றுத் தேர்ந்தவர்கள்.

அன்று படமும் ஒலியும் தனித்தனிச் சுருள்கள். காட்சிகளை இலங்கையில் எடுத்த றைற், ஒலியை இசையமைப்பாளர் வோல்ற்றர் லீயோடு சேர்ந்து லண்டனில் அமைத்தார். வர்ணனை, 1681இல் வெளியான றொபேட் நொக்ஸின் நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அதை வாசித்தவர் நம் நாட்டுப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ற். 'வணிகத்தின் குரல்கள்' என்னும் மூன்றாம் பகுதியிலேதான் தொகுப்பாளனின் கை தெரிகிறது. திரையில் பெண்கள் கொழுந்து கிள்ளுகின்றனர். நம் செவியில் விழுவதோ சந்தை விலை. மலைச்சரிவில் விரல்கள், கடலுக்கப்பால் இலாபம்! இரண்டையும் ஒட்டியவர் விளக்கமாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. விளம்பரத்துக்குப் பணம் தந்தோர் இதனை எப்படி அனுமதித்தனரோ!

எனினும் ஒரு குறை என்னை உறுத்துகிறது. வணிகன் பேசுகிறான், நொக்ஸ் பேசுகிறான், கொழுந்து கிள்ளுபவள் பேசவில்லை. 14 ஆண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவளையொத்த இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. அங்கும் அவளை யாரும் கேட்கவில்லை.

சென்ற தவணையில் என் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். மொனராகலையில் ரப்பர்தான் மிகுதி. ஆயினும் ஒரு மாணவியின் பாட்டி பதுளைப் பக்கத் தேயிலை மலையில் கொழுந்தெடுத்தவர். றைற்றின் அக்காட்சியில் ஒலியை மட்டும் நீக்கி, கைப்பேசியில் பதிந்த பாட்டியின் குரலை மாணவர்கள் பொருத்தினர். ஒரு வெட்டும் மாற்றவில்லை. லண்டன் விலை ஒலித்த அதே இடத்தில் பாட்டி சொல்கிறார்: "விடிய முந்திப் பெரட்டுக்குப் போவணும். நிறுக்கிறப்ப கூடைக்குன்னு ரெண்டு றாத்தல் கழிச்சிருவாங்க. ஈரக் கொழுந்துன்னா இன்னும் கழிப்பாங்க."

வகுப்பில் ஒருவன் எழுந்து கேட்டான்: "சேர், இப்ப அந்தப் பொம்பளையோட முகம் வேற மாதிரித் தெரியுதே?"