காட்மியம் ஏறாத நெல் பிறந்த கதை

நெற்பயிரின் வேர் காட்மியத்தைத் தேடிப் போவதில்லை. அது தேடுவது மாங்கனீசை. சேற்றிலிருக்கும் மாங்கனீசை உள்ளே இழுக்க, வேரின் உயிரணுக்களில் புரதத்தால் ஆன ஒரு வாசல் இருக்கிறது. பயிருக்கு எந்த வகையிலும் தேவைப்படாத காட்மியமும் அதே வாசல் வழியாக நுழைந்து, தண்டேறி, கடைசியில் அரிசிமணியில் தங்கிவிடுகிறது. அந்த வாசலை அடைத்த ஒரு நெல்லைப் பற்றி 2012இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்தார்கள். ஆனால் அந்த நெல்லுக்கான தேவை ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை. ஒரு ஆற்றங்கரை மக்கள் பட்ட வேதனையில் பிறந்தது.

ஜப்பானின் டொயாமா மாகாணத்தில் ஓடுகிறது ஜின்சூ ஆறு. மலைப்பக்கத்தில் கமியோகா சுரங்கம். அங்கே துத்தநாகமும் ஈயமும் எடுத்தார்கள். கழிவோடு கலந்த காட்மியம் ஆற்றில் இறங்கியது, ஆற்றுநீர் வயலில் பாய்ந்தது, வயலின் நெல் சோறானது. பல பிள்ளைகளைப் பெற்று நடுவயதைத் தாண்டிய பெண்களைத்தான் அது அதிகம் வாட்டியது. சிறுநீரகம் கெட்டு, எலும்பு வலுவிழந்து, இருமினாலே விலா முறியும் நிலை. வலி தாங்காமல் அவர்கள் ‘இத்தாய், இத்தாய்’ என்று அரற்றியதே நோயின் பெயராயிற்று. நொபோரு ஹகினோ என்ற உள்ளூர் மருத்துவர்தான் சுரங்கத்தை நோக்கி விரல் நீட்டியவர். 1968இல் அரசு இதைத் தொழில் மாசால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்கள் சுரங்க நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கிலும் வென்றார்கள். கெட்ட வயலில் புதுமண் போட்டுச் சீர்செய்யும் வேலை 1979இல் தொடங்கி 2012 வரை இழுத்தது.

நஞ்சேறிய வயல் முழுவதையும் இப்படிப் புதுமண் போட்டு மீட்பது சாத்தியமில்லை. அதனால் உழவர்கள் தண்ணீரை நம்பினார்கள். கதிர் வெளிவரும் சமயத்தில் வயலில் தண்ணீரைக் கட்டி நிறுத்தினால், மண்ணில் ஆக்சிஜன் குறைந்து, காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடும். வேருக்கு எட்டாது. தண்ணீரை வடித்துக் காயவிட்டால் மறுபடி கரைந்து கிளம்பும். இதில் ஒரு பெரிய இக்கட்டு உண்டு. தண்ணீர் கட்டினால் மண்ணிலிருக்கும் ஆர்சனிக் விடுபட்டு, சிலிக்கான் போவதற்காக இருக்கும் வேறொரு வாசல் வழியாக வேருக்குள் புகும். ஒரு விஷத்துக்கு அணை போட்டால் இன்னொன்றுக்கு மடை திறந்துவிடுகிறது.

வேரும் சும்மா இருப்பதில்லை. உள்ளே வந்த காட்மியத்தைத் தன் உயிரணுக்களின் நடுவிலுள்ள நுண்குமிழிக்குள் தள்ளி அடைத்துவைக்கும் புரதம் ஒன்று நெல்லுக்கு இருக்கிறது. 2010இல் ஜப்பானியக் குழு ஒன்று ‘நிப்பான்பாரே’ ரகத்தையும் ‘அஞ்சனா தான்’ ரகத்தையும் கலப்பினம் செய்து இந்தப் புரதத்துக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. அஞ்சனா தானில் அந்தப் புரதம் வேலை செய்வதில்லை. வேரில் தங்க வேண்டிய காட்மியம் மணிவரை போய்விடுகிறது. ஒரே மண்ணில் ஒரே நாளில் நட்டாலும் ரகத்துக்கு ரகம் அரிசியின் நஞ்சு மாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உள்ளே வந்ததை அடைத்துவைப்பதைவிட வரவே விடாமல் தடுப்பது மேல் அல்லவா? சதோரு இஷிகாவாவும் சகாக்களும் அந்த வழியில் போனார்கள். ஜப்பானியர் மிக விரும்பி உண்ணும் ‘கோஷிஹிகாரி’ ரகத்தின் விதைமேல் கார்பன் அயனிக் கற்றையைப் பாய்ச்சினார்கள். அதன் அடுத்த தலைமுறையில் ஆயிரக்கணக்கான செடிகளைக் காட்மியம் உள்ள மண்ணில் வளர்த்து, செடி செடியாக மணியைச் சோதித்தார்கள். தேறியவை மூன்றே மூன்று. மூன்றிலும் பழுதாகியிருந்தது ஒரே மரபணு: அந்த மாங்கனீசு வாசலுக்குரியது. அவற்றுள் ஒன்றில் டிஎன்ஏவின் ஒரே ஒரு எழுத்து மட்டும் விடுபட்டிருந்தது. காட்மியம் நிறைந்த வயலிலும் அதன் அரிசியில் அது ஏறக்குறைய இல்லை என்னும் அளவுக்குக் குறைந்தது. விளைச்சலிலும் சுவையிலும் தாய் ரகத்துக்குச் சமமாக நின்ற அந்தச் செடிதான் ‘கோஷிஹிகாரி கான் எண் 1’ ஆயிற்று.

ஆனால் வாசலை அடைத்ததால் மாங்கனீசும் குறைவாகத்தான் வரும். நீர் கட்டிய வயலில் கரைந்த மாங்கனீசு ஏராளம் என்பதால் பயிர் பெரும்பாலும் சமாளித்துக்கொள்கிறது; மாங்கனீசு குறைந்த மண்ணிலோ இலையில் பழுப்புப்புள்ளி நோய் கூடுகிறது. விதையோடு இந்த எச்சரிக்கையும் உழவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆதாயமும் சின்னதல்ல. காட்மிய பயம் இல்லாததால் நம்மூரில் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வயலைக் காயவிடலாம், ஆர்சனிக்கும் குறையும். மேலே சொன்ன இக்கட்டிலிருந்து ஒரு ரகம் உழவரை விடுவித்திருக்கிறது என்பதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

பழைய சுரங்கங்கள் நிறைந்த அகிதா மாகாணம், தன் புகழ்பெற்ற ‘அகிதகோமாச்சி’ ரகத்தில் இந்தக் குணத்தை ஏற்றி, 2025இல் ‘அகிதகோமாச்சி ஆர்’ என்ற பெயரில் வயலுக்குக் கொண்டுவந்தது. கதிரியக்கம் பட்ட நெல்லா என்று பலர் பதறினார்கள். கற்றை பாய்ந்தது பல தலைமுறைக்கு முந்தைய விதையில். இன்றைய அரிசியில் கதிர்வீச்சு எதுவும் இல்லை. ஆனாலும் தாம் உண்பது எப்படி உருவானது என்று கேட்க மக்களுக்கு முழு உரிமை உண்டு. அதைப் பையின்மேல் எழுதச் சொல்வதும் நியாயம்தான். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. நெல் நஞ்சை எடுக்காவிட்டால் நஞ்சு மண்ணிலேயே கிடக்கும். அடுத்துப் போடுகிற சோயாவோ கோதுமையோ அதை எடுக்கும். இந்த விதை வந்துவிட்டதென்று மண்ணைச் சுத்தம் செய்யும் கடமையிலிருந்து எந்தச் சுரங்கமும் எந்த அரசும் நழுவிவிடக் கூடாது.