எந்தப் பட்டியலில் பெயர்? நெகேமியாவும் ஜாக்கின் அற்புதமும்

மும்பை டிராம்பேயின் சீட்டா கேம்பில் ஒரு சிறிய தமிழ்ச் சபை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையைப் பாயில் கவிழ்ப்பார்கள். ஒருவர் எண்ணுவார், ஒருவர் எழுதுவார், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். பாஸ்டரும் தன் காணிக்கையைக் கவரில் போட்டு, மேலே பெயர் எழுதித்தான் வைப்பார். மீன் விற்கும் அக்காவின் பெயருக்கும் பெயிண்டர் அண்ணனின் பெயருக்கும் நடுவே அவர் பெயரும் அதே நோட்டில் ஏறும். தலைமையில் தாழ்மை என்றால் என்ன என்று யாராவது கேட்டால், பிரசங்கம் எதுவும் எனக்கு நினைவுக்கு வருவதில்லை. அந்த நோட்டுதான் வருகிறது.

சங்கீதம் 78 தன் கடைசி வரிகளில், தாவீது மக்களை மேய்த்த விதத்துக்கு இரண்டு அடையாளம் காட்டுகிறது: உள்ளத்தில் உண்மை, கையில் திறமை. கையின் திறமையை எல்லாரும் பார்க்கலாம். உள்ளத்தின் உண்மையை எதை வைத்து அளப்பது? இந்தக் கேள்வியோடுதான் இரண்டு தலைவர்களை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒருவர் எருசலேமின் அலங்கத்தைக் கட்டிய நெகேமியா. மற்றவர் சீட்டா கேம்பின் கதையிலிருந்து பிரிக்க முடியாத குடிசைவாசிகளின் தலைவர், ஜாக்கின் அற்புதம். ஜாக்கினை வேதாகமப் பாத்திரமாக்குவது என் நோக்கம் அல்ல. நெகேமியாவின் அளவுகோல் நம் சந்தில் நின்று அளக்குமா என்று பார்ப்பதே நோக்கம்.

குப்பைமேட்டு வாசல்

நெகேமியா சூசான் அரண்மனையில் அர்தசஷ்டா ராஜாவின் பானபாத்திரக்காரர். கை நிறைய வசதி. அலங்கம் இடிந்து கிடக்கிறது என்ற செய்தி வந்ததும் உட்கார்ந்து அழுகிறார், உபவாசிக்கிறார். அந்த ஜெபத்தில் ஜனங்களின் பாவத்தைச் சொல்லும்போது, தானும் தன் தகப்பன் வீட்டாரும் சேர்ந்தே பாவம் செய்தோம் என்கிறார். அதிபதியாக எருசலேம் வந்து சேர்ந்த பிறகு மேடை போடவில்லை. சில பேரைக் கூட்டிக்கொண்டு, ஒரே ஒரு மிருகத்தின்மேல் ஏறி, இரவில் குப்பைமேட்டு வாசல் பக்கமாகச் சுற்றிப் பார்க்கிறார். ஓரிடத்தில் இடிபாடு அடைத்துக்கொண்டு மிருகம் போக வழியில்லை. அதுவரை போய்ப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறார்.

ஜாக்கின் கோலார் தங்கவயலில் பிறந்தவர். 1960-களில் பிழைப்புத் தேடி பம்பாய் வந்து, தச்சு வேலை செய்து, மான்கூர்ட் ஜனதா காலனியில் குடியேறினார். அவருடைய பொதுவாழ்வும் குப்பையில்தான் தொடங்கியது. காலனியில் குப்பை அள்ள மாநகராட்சி வரவில்லை. அவர் பிள்ளைகளைத் திரட்டினார். ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைச் செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டி எடுத்துப்போய், மாநகராட்சி அலுவலகத்தின் முன்னால் போட்டார்கள். யாரும் கல்லெறியவில்லை. தங்கள் வாசலில் நாறியதை அதிகாரிகளின் வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஒருவர் அரண்மனையிலிருந்து இறங்கி வந்தவர். மற்றவர் நடைபாதையில் படுத்து எழுந்தவர். தொடங்கிய இடம் மட்டும் ஒன்று: ஊரின் நாற்றத்தை முகத்துக்கு நேரே பார்த்தது.

எண்ணுகிறவர் எங்கே நிற்கிறார்?

தாவீதுக்குப் பெரிய தலைகுனிவைத் தந்தது ஒரு கணக்கெடுப்பு. படைத்தலைவன் யோவாப் தடுத்தும் கேளாமல், ஒன்பது மாதமும் இருபது நாளும் நாடெங்கும் வீரர்களை எண்ண வைத்தார். தன் பலம் எவ்வளவு என்று பார்க்க அரசன் மேலிருந்து எண்ணிய எண்ணிக்கை அது. நெகேமியாவின் புத்தகத்திலும் பட்டியல்கள் நிறைய உண்டு, ஆனால் அவற்றின் நிறமே வேறு. 3-ஆம் அதிகாரத்தில் எந்தத் துண்டை யார் கட்டினார்கள் என்று பெயர் பெயராக வருகிறது. ஆசாரியர், தட்டார், தைலக்காரர், தன் குமாரத்திகளோடு வேலை செய்த சல்லூம், தன் வீட்டுக்கு எதிரே இருந்த துண்டை எடுத்துக் கட்டியவர்கள். வேலைக்குக் கழுத்துக் கொடுக்காத தெக்கோவாவின் பிரபுக்களும் அப்படியே பதிவாகிறார்கள். அதிபதி நெகேமியாவின் பெயர் அங்கே இல்லை. அதில் வரும் நெகேமியா வேறொருவர், அஸ்பூகின் மகன். ஆனால் 10-ஆம் அதிகாரத்தில், கட்டளைகளுக்குக் கட்டுப்படுவோம் என்று முத்திரை போட்டவர்களின் பட்டியலில் முதல் பெயர் இவருடையது.

பாராட்டுப் பட்டியலில் இல்லை. பொறுப்புப் பட்டியலில் முதலில் இருக்கிறார். உள்ளத்தின் உண்மையை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

பம்பாயிலும் இரண்டு விதமாக எண்ணினார்கள். 1976 ஜனவரியில் மாநில அரசு குடிசைகளைக் கணக்கெடுத்து போட்டோ பாஸ் கொடுத்தது. மேலிருந்து எண்ணும் அந்தக் கணக்கில் விடுபட்டவருக்கு ஊரில் இடமில்லை. நடைபாதைவாசிகள் அதில் வரவே இல்லை. 1985-ல், நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அதே காலத்தில், ஸ்பார்க் அமைப்பு அந்த மக்களை எண்ணி அறிக்கை வெளியிட்டது. அடுத்து ஜாக்கினின் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும், ஸ்பார்க்கும், பைகுல்லா நடைபாதைப் பெண்கள் சேர்ந்த மகிளா மிலனும் கைகோத்தன. தங்கள் குடிசைகளைத் தாங்களே எண்ணுவது, வரைபடம் போடுவது, வீட்டுக்கு எண் கொடுப்பது எல்லாம் அவர்களின் அன்றாட வேலையாயிற்று. எண்ணப்பட்டவர்களே எண்ணினார்கள்.

எடுக்க உரிமை இருந்தும்

நெகேமியா 5-ஆம் அதிகாரத்தில் ஏழைகள் கூக்குரலிடுகிறார்கள்: நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமைகளாக்கினோம் என்று. நெகேமியா பெரியவர்களைக் கடிந்துகொள்கிறார். அதே மூச்சில், தானும் தன் சகோதரரும் வேலைக்காரரும்கூடப் பணமும் தானியமும் கடன் கொடுத்திருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டு, இதை விட்டுவிடுவோம் என்கிறார். எத்தனை தலைவர்கள் இந்த இடத்தில் ‘நாம்’ என்று சொல்வார்கள்? அதிபதிக்கு உரிய படியைப் பன்னிரண்டு வருஷம் அவர் வாங்கவில்லை. ஜனங்கள்மேல் பாரம் ஏற்கெனவே கடினமாயிருந்தது என்பதைக் காரணமாகச் சொல்கிறார். தன் பந்தியில் 150 பேருக்குச் சாப்பாடும் போட்டார்.

மகிளா மிலனின் சேமிப்பில் இதே உண்மையின் வேறொரு வடிவத்தைப் பார்க்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் வண்ணக் காகிதத் துண்டுகளால் கணக்கு வைத்தார்கள். ஒவ்வொரு நிறமும் ஒரு தொகை. ஒருத்தி எவ்வளவு போட்டாளோ அந்த நிறத் துண்டுகள் அவளுடைய பிளாஸ்டிக் பைக்குள் சேரும். கணக்கு தலைவரின் தலைக்குள் இல்லை, உறுப்பினரின் கையில் இருந்தது. நல்லவராக இருப்பது ஒரு தலைவரின் குணம். தான் நல்லவரா என்று மக்களே பார்த்துக்கொள்ள வழி திறந்துவைப்பது அதற்கும் மேலே.

பிரியும் இடம்

இருவரையும் ஒரே அச்சில் வார்க்க முடியாது. நெகேமியாவின் கையில் ராஜாவின் கடிதங்கள் இருந்தன, கூடவே குதிரைவீரர்களும். அலங்கம் 52 நாளில் எழும்பியது. ஜாக்கின் தோற்றார். ஜனதா காலனியின் நிலம் அணுசக்தி நிறுவனத்துக்கு வேண்டியிருந்தது. அங்கே மக்களை முன்பு குடியமர்த்தியதே மாநகராட்சிதான் என்று வாதாடினார்கள், நீதிமன்றம் போனார்கள், டெல்லி வரை போனார்கள். அவசரநிலைக் காலத்தில், 1976 மே மாதம், சுமார் 70,000 பேர் வாழ்ந்த காலனி இடித்துத் தள்ளப்பட்டது. மக்களை ஏற்றிவந்து இறக்கிய கழிமுகத்துச் சேற்று நிலம்தான் இன்றைய சீட்டா கேம்ப்.

அந்தத் தோல்வி அவரைக் கசப்பானவராக்கவில்லை. எதிர்த்து நின்றால் மட்டும் போதாது, மாற்றுத் திட்டத்தோடு போய் அதிகாரியின் எதிரே உட்கார வேண்டும் என்ற வழிக்கு வந்தார். அப்படி அரசோடு சேர்ந்து வேலை செய்ததைக் குறை சொன்னவர்களும் உண்டு. நெகேமியாவும் குறையற்றவர் அல்ல. 13-ஆம் அதிகாரத்தில் கோபத்தில் மனிதரின் மயிரைப் பிடுங்குகிறார். என்னை நினைத்தருளும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். தாழ்மை பிறவியிலேயே வந்து ஒட்டிக்கொள்ளும் குணம் அல்ல, நாள்தோறும் நழுவக்கூடியது. இதை மறைக்காமல் எழுதிவைத்ததும் வேதாகமத்தின் நேர்மைதான்.

ஜாக்கினுக்கு 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபர் 13 அன்று மறைந்தார். விருதுப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் அவரை அளக்க நான் அதை எடுக்க மாட்டேன். காலனி விழுந்த பிறகும், விழுந்தவர்களின் கணக்கிலேயே தன் பெயரை வைத்திருந்தார். அதை எடுப்பேன்.

சபைக் கமிட்டிக்கோ சொசைட்டிக்கோ சங்கத்துக்கோ ஆள் தேர்ந்தெடுக்கும் நாள் நமக்கும் வரும். அன்று அவர் எப்படிப் பேசுகிறார், எவ்வளவு குனிகிறார் என்று பார்க்க வேண்டாம். தவறு நடந்த நாளில் ‘நாம்’ என்றாரா? வாங்க உரிமை இருந்ததை விட்டுக்கொடுத்தாரா? கணக்கு நோட்டை மீன் விற்கும் அக்காவும் விரித்துப் பார்க்க முடிகிறதா? இந்த மூன்றையும் கேட்டுவிட்டு வாக்களிப்போம்.