எலிக்குக் கிடைச்ச வைட்டமின்

கல்யாணமான அடுத்த வருஷமே மாமியார் என் கையில வைட்டமின் ஈ மாத்திரையைத் திணிச்சாங்க. “சாப்பிடு, சீக்கிரம் விசேஷம் வரும்.” இந்த நம்பிக்கை எங்கேருந்து வந்துச்சு?

1922, கலிஃபோர்னியாவின் பெர்க்லி. ஹெர்பர்ட் எவன்ஸும் கேத்தரின் பிஷப்பும் எலிகளுக்குச் சுத்திகரித்த உணவை மட்டும் கொடுத்தாங்க. எலிகள் நல்லா வளர்ந்தன, கருவும் தரித்தன. ஆனா கரு உள்ளேயே கரைஞ்சுபோச்சு. லெட்டூஸ் இலை சேர்த்ததும் குட்டிகள் பிறந்தன. கோதுமை முளையிலும் அதே சத்து இருந்துச்சு. 1936-ல அதைப் பிரிச்செடுத்து டோகோஃபெரால்னு பேர் வச்சாங்க. கிரேக்க மொழியில ‘பிள்ளைப்பேறு தருவது’ன்னு அர்த்தம். பேர்தான் வம்பு!

எலிகளுக்கு அந்தச் சத்தே இல்லாம பண்ணியிருந்தாங்க. நம்ம சாப்பாட்டுல எண்ணெய், வேர்க்கடலைன்னு அது ஏற்கெனவே இருக்கே. குறையில்லாதவங்களுக்கு மாத்திரை போட்டா கரு தங்கும்னு அந்தச் சோதனை சொல்லவே இல்ல.

மாமியார்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. “அப்போ டாக்டரைப் பாரு. அவனையும் கூட்டிட்டுப் போ.”