மன்னார்க் கரையும் அன்பின் திருச்சபையும்



கிரேக்க நாட்டிலே கொரிந்து என்றொரு பட்டினம் இருந்தது. இரண்டு கடல்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்த நிலத்தில், இரு பக்கத்தும் துறைமுகம் உடையதாய் அது விளங்கியது. வணிகரும் மாலுமிகளும் செல்வரும் அடிமைகளும் அங்கே கலந்து வாழ்ந்தனர். ஏறத்தாழக் கி.பி. 55ஆம் ஆண்டில், அந்நகரத்துச் சிறிய கிறித்தவக் கூட்டத்துக்குப் பவுல் அடிகளார் ஒரு கடிதம் வரைந்தார். அன்பைக் குறித்து உலகம் இன்றும் போற்றிப் படிக்கும் பகுதி அக்கடிதத்திலேதான் உள்ளது.

அப்பகுதி ஓய்வாக அமர்ந்து எழுதிய புகழுரையன்று. ஒரு பிணக்கைத் தீர்க்க எழுந்தது. கொரிந்தியர் சிலர் பவுலின் பெயரையும், சிலர் அப்பொல்லோவின் பெயரையும், சிலர் கேபாவின் பெயரையும் சொல்லிக் கட்சி கட்டினர். ஒன்றாகக் கூடி உண்ணவேண்டிய விருந்திலே ஒருவர் மிகையாக உண்டு களிக்க, மற்றவர் பசித்திருந்தனர். இதனைக் கேட்டு மனம் நொந்த அடிகளார், சபை என்பது ஓர் உடல் என்றும், அதில் எந்த உறுப்பும் மற்றோர் உறுப்பைப் புறக்கணிக்க இயலாதென்றும், அன்பில்லாத ஞானமும் கொடையும் வெற்றோசையே என்றும் அறிவுறுத்தினார். ஆகவே கிறித்தவ மறை கூறும் அன்பு, மனத்தில் தோன்றி மறையும் ஓர் உணர்ச்சியன்று. ஒன்றாக வாழ முடியாதவர் ஒன்றாக வாழக் கற்கும் ஒழுக்கமாகும்.

அந்த ஒழுக்கம் நம் தமிழ்நிலத்தில் எங்ஙனம் சோதிக்கப்பட்டது என்பதை ஆராய மன்னாரினும் பொருத்தமான இடம் அரிது. கொரிந்தைப் போலவே மன்னாரும் இரு கடல்களுக்கு இடைப்பட்டது. வடக்கே பாக்கு விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. எதிர்க்கரையிலே மாதோட்டம் என்னும் பழந்துறை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அங்கேதான் உள்ளது. அராபியரும் சோனகரும் பரதவரும் முத்தையும் சங்கையும் நாடி வந்து தங்கிய கரை அது.

பதினாறாம் நூற்றாண்டிலே, தூத்துக்குடிக் கரையில் பிரான்சிஸ் சவேரியார் பரதவரிடையே பணிபுரிந்த செய்தி மன்னாருக்கு எட்டியது. மன்னார் மக்கள் அவரை அழைத்தனர். அவர் தாம் செல்ல இயலாமையால் வேறொரு குருவை அனுப்பினார். பலர் திருமுழுக்குப் பெற்றனர். 1544ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை மன்னாருக்கு வந்தது. அறுநூறு பேருக்கு மேற்பட்டோர் அங்கே கொல்லப்பட்டனர் என்பர். மதத்தை மாற்றுவோர் போர்த்துக்கீசருக்கும் குடிகளாகி விடுவரென்று மன்னன் அஞ்சினான். அவ்வச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1560இல் போர்த்துக்கீசர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். திருக்கேதீச்சரக் கோயில் அவர் காலத்திலே அழிந்தது என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அன்பின் மறை, ஆயுதம் ஏந்திய அரசின் தோளில் ஏறி வந்தமையால் விளைந்த வடு இது. கத்தோலிக்கர் தோட்டவெளியில் வேதசாட்சிகளை நினைந்து வணங்குகின்றனர். சைவர் இடிந்த கோயிலை நினைந்து வருந்துகின்றனர். இரண்டு நினைவுகளும் உண்மையானவை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது வரலாறாகாது.

அக்காலத்தே அரசைச் சாராத பணியும் நடந்தது. அண்டிரிக் அடிகளார் எனப்படும் என்றீக்கு என்றீக்கசு, தமிழைப் பிழையறக் கற்று, 1578இல் தம்பிரான் வணக்கம் என்னும் நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். அவர் புன்னைக்காயலிலே நோயாளருக்கென ஒரு மருத்துவமனையையும் நிறுவியவர். மன்னாரிலும் சில காலம் வாழ்ந்தார். மொழியும் மருந்தும் கொண்டு மக்களை அணுகிய இவ்வழி, கோட்டையினும் நெடிது நிலைத்தது.

நிற்க. உண்மையான சோதனை 1658இல் வந்தது. அவ்வாண்டில் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தனர். அவர்கள் சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்கக் குருமாரை நாட்டைவிட்டு நீக்கினர். குருமாருக்கு இடங்கொடுப்பதையும் குற்றமாக்கினர். கோயில்கள் அவர்கள் சபைக்குரியனவாயின. பிள்ளைகளின் பெயர்கள் பள்ளித் தோம்பிலே பதியப்பட்டன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கத்தோலிக்க மக்கள் குருவின்றி வாழ்ந்தனர். திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஆயினும் கூட்டம் கலையவில்லை. ஊரில் மூத்தோர் வீட்டிலே செபம் சொன்னார்கள், பிறந்த குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்கள், இறந்தோரை அடக்கினார்கள். மூப்பர், அண்ணாவியார் என்னும் பொறுப்புக்கள் பிற்காலத்தே ஒழுங்குபெற்றது இத்தகைய மண்ணிலேதான்.

திருச்சபை என்பது கட்டடமா, குருவா, அன்றிக் கூடிவாழும் மக்களா என்ற வினாவுக்கு அம்மக்கள் நூல் எழுதி விடை கூறவில்லை. முப்பது ஆண்டு வாழ்ந்து விடை கூறினர்.

மடுத் திருப்பதியின் வரலாறு இக்காலத்தைச் சேர்ந்ததே. மாந்தையிலே வணங்கப்பட்ட மரியன்னையின் திருவுருவத்தை, 1670ஆம் ஆண்டளவில் இருபது குடும்பத்தினர் எடுத்துக்கொண்டு, ஊர் ஊராய் ஒதுங்கி, ஒல்லாந்தரின் கை எளிதில் எட்டாத வன்னிக்காட்டில் மருதமடு என்னுமிடத்தை அடைந்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த கத்தோலிக்கரும் அங்கே அவர்களோடு சேர்ந்தனர் என்பர். உடைமையைத் தூக்க வேண்டிய கைகள் பொதுவான ஒன்றைத் தூக்கிச் சென்றன என்பதே இச்செய்தியில் நாம் நோக்கத்தக்கது. பின்னே வந்த அயலூராரை, ‘எங்கள் காடு’ என்று முன்னே வந்தோர் விரட்டவில்லை.

1687இல் கோவையைச் சேர்ந்த யோசே வாஸ் முனிவர், கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து இலங்கைக்கு வந்தார். இங்கே கோவை என்றது மேலைக் கரையிலுள்ள கோவா நாட்டை. கழுத்திலே செபமாலையை அணிந்து அவர் வீடு வீடாய் இரந்தார். அம்மாலையைக் கண்டு மனங்கலங்கி நின்ற முகத்தைக் கொண்டு கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். யாழ்ப்பாணத்திலும் சில்லாலையிலும் இரவில் மறைந்து பணிபுரிந்தபின், 1692இல் கண்டியை அடைந்தபோது உளவாளி என்று சிறையிடப்பட்டார்.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. நோயுற்றோரை உற்றாரே காட்டிலும் தெருவிலும் விட்டு ஓடினர். முனிவரும் அவர் மருகரான யோசே கார்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடிச் சென்று, குடிசைகளில் சேர்த்து, கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கினர். நோயாளி கத்தோலிக்கனா பௌத்தனா என்று அவர்கள் வினவவில்லை. பௌத்தனான அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவர்களுக்கு ஆதரவளித்தான். நாடெங்கும் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்து, தாம் இல்லாதபோதும் சபை நிலைக்கும் ஒழுங்கை வகுத்து, 1711ஆம் ஆண்டு சனவரி 16இல் அவர் மறைந்தார். 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், சாங்கோபாங்கர் என்று நம்மவர் போற்றியவர், தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் யாத்து அப்பணியைத் தொடர்ந்தார். ஒரே கையால் இரு மொழிக்கும் தொண்டு செய்த அவர், ஒருமை என்பது ஒரு மொழியை அழித்து மற்றொன்றை நாட்டுவதன்று என்பதற்குச் சான்றாவார்.

1806இல் ஆங்கிலேயர் ஆட்சி கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியது. துன்பம் நீங்கியதும் ஒற்றுமை வளர்ந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. கோவைக் குருமாரின் அதிகாரத்தைச் சார்ந்தோர் ஒரு புறமும், உரோமாபுரி நேரே அனுப்பிய குருமாரைச் சார்ந்தோர் மறுபுறமுமாக இலங்கைக் கத்தோலிக்கர் பிணங்கினர். 1886இல் உரோமாபுரியும் போர்த்துக்கல்லும் உடன்படிக்கை செய்தபின்னரும் ஒரு சாரார் இணங்காமல் தனிச் சபை அமைத்தனர். சாதி வேற்றுமையும் கோயில் வாயிலில் நின்றுவிடாமல் உள்ளேயும் நுழைந்தது. ஒல்லாந்தரின் கட்டளை பிரிக்க முடியாத மக்களைப் பெருமையும் உரிமைப் பேச்சும் பிரித்தன. கொரிந்து நகரத்துக் கட்சிகள் மீண்டும் தோன்றின என்றால் அது மிகையாகாது.

நம் கரையிலே கரைவலை இழுப்பதை நேயர்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். இரு பக்கத்துக் கயிற்றையும் இரு கூட்டத்தார் பற்றி இழுப்பர். ஒரு பக்கத்தார் வலிமை காட்ட விரும்பித் தனியே விரைந்தால் வலை கோணும். மடியில் வந்த மீனும் தப்பிவிடும். ஆகையால் ஒருவர் குரல் கொடுக்க, அனைவரும் அக்குரலுக்கு அடி வைப்பர். வலியவன் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுவது அங்கே இழப்பன்று, அதுவே தொழில். சபையின் ஒருமையும் இத்தகையதே. பவுல் அடிகளார் செருக்கற்ற பொறுமையை அன்பின் முதற் குணங்களில் ஒன்றாக வைத்ததன் காரணமும் இதுவாகலாம்.

மடுத் திருப்பதி இந்த ஒருமைக்கு ஓர் எடுத்துக்காட்டாய் வளர்ந்தது. 1872இல் பொஞ்சீன் ஆண்டகை அங்கே புதிய கோயிலைத் தொடங்கினார். 1924ஆம் ஆண்டு யூலை 2இல் அன்னையின் திருவுருவத்துக்கு முடிசூட்டு விழா நடந்தது. ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் தமிழரும் சிங்களவரும் மாட்டுவண்டியிலும் பின்னர் புகைவண்டியிலும் வந்து, காட்டிலே கொட்டில் அமைத்து அயலயலே தங்கினர். ஒரு கிணற்று நீரை இரு மொழியார் முகந்தனர். கத்தோலிக்கர் அல்லாதாரும் நேர்த்தி வைத்து வந்தனர்.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது மடுக்காடு முன்போலவே அடைக்கலமாயிற்று. பல்லாயிரவர் கோயில் வளவிலே கொட்டிலிட்டு ஆண்டுக்கணக்காய் வாழ்ந்தனர். அவர்களிடையே சமய வேற்றுமை பாராட்டப்படவில்லை. ஆனால் அக்காடும் போரின் கைக்குத் தப்பவில்லை. 1999ஆம் ஆண்டு நவம்பர் 20இல் அங்கே விழுந்த எறிகணைகளால் நாற்பது பேரளவில் மாண்டனர். 2008இல் திருவுருவமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் செல்லவும், அவ்வாண்டிலேயே திரும்பவும் நேர்ந்தது. 2015ஆம் ஆண்டு சனவரி 14இல், யோசே வாஸ் முனிவரைக் கொழும்பிலே புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்றே மடுவுக்கு வந்து இரு மொழி மக்கள் முன்னிலையில் மன்னிப்பையும் ஒப்புரவையும் குறித்துப் பேசினார்.

இவ்வளவில் இவ்வுரையை முடித்துவிடலாம். முடித்தால் அது பாதி உரையாகும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் மன்னாரிலிருந்து வெளியேற்றினர். கடலிலும் சந்தையிலும் பள்ளியிலும் அயலவராய் இருந்தோர் சில நாட்களில் இல்லாதாயினர். 2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சிவராத்திரிக்கு முன்னாள், திருக்கேதீச்சரம் செல்லும் வழியில் மாந்தையிலே ஒரு வளைவைக் குறித்துச் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் பிணக்கு மூண்டு, வளைவு பிடுங்கப்பட்டது. ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய இரண்டு நினைவுகள் ஒரு தெருச்சந்தியில் மோதின என்றே கொள்ளவேண்டும்.

சபைக்குள் அன்பு, சபைக்குள் ஒருமை, சபைக்குள் தொண்டு என்று நாம் பேசும்போது, ‘உள்’ என்னும் சொல்லை எவ்வளவு தூரம் நீட்டுகின்றோம் என்பதே கேள்வி. தம்மவருள் மட்டும் நிற்கும் அன்பு, கட்சியாக மாறுவதற்கு நெடுங்காலம் வேண்டுவதில்லை. வைசூரி கண்டோரிடம் சமயம் வினவாத முனிவரைப் பீடத்தில் வைத்து வணங்குவோர்க்கு, அயலவரின் வளைவும் தொழுகையிடமும் தம் பொறுப்பிலுள்ள பொருள்களே ஆகும். சைவருக்கும் இசுலாமியருக்கும் இதே கடமை அவரவர் மறைவழியே உண்டு. எனினும் பிறர் கடமையை எண்ணுமுன் தம் கடமையைத் தொடங்குவதே அன்பின் முறை.

குருவும் கோயிலும் அரசும் துணையின்றி முப்பது ஆண்டு ஒன்றாய் நின்ற மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மன்னாரிலும் பேசாலையிலும் வங்காலையிலும் வாழ்கின்றனர். எல்லாம் இருக்கும் இக்காலத்தே அவர்கள் ஒன்றாய் நிற்பதும், அயலாரையும் அவ்வொருமையில் சேர்த்துக்கொள்வதும், முன்னோர் செய்ததினும் கடினமான பணியாக இருக்கலாம். ஆயினும், அதைச் செய்வதற்கு வேண்டிய கல்வியை இந்தக் கரை முன்னரே கற்றிருக்கின்றது.