மாம்பழம் சாப்பிட்டால் உதட்டைச் சுற்றி அரிப்பா? காரணத்துக்கு ஒரு ஜப்பானியப் பெயர்

மே மாதம் வந்தால் வைட்ஃபீல்டிலும் மாம்பழ வண்டிகள்தான். தோலோடு கடித்துச் சாப்பிடும் சிலருக்கு ஓரிரு நாளில் உதட்டைச் சுற்றி அரிப்பும் கொப்புளமும் வரும். வீட்டில் கேட்டால் 'சூடு' என்பார்கள். சூடெல்லாம் இல்லைங்க, இது ஒவ்வாமை.

மாம்பாலிலும் தோலிலும் உள்ள சில வேதிப்பொருள்கள் 'உருஷியால்' என்பதற்கு நெருங்கிய சொந்தம். ஜப்பானிய மொழியில் 'உருஷி' என்பது ஒரு மரத்தின் பால்; கிண்ணங்களுக்குப் பளபளப்பாகப் பூசுவார்கள். (நம்மூர் அரக்கு பூச்சி தருவது, அது வேறு.) 'ஆல்' என்பது ஃபீனால், ஆல்கஹால் போன்ற பெயர்களில் வரும் அதே விகுதி. இதன் அமைப்பைக் கண்டறிந்தவர் ஜப்பானிய வேதியியலாளர் ரிகோ மஜிமா.

மா, முந்திரி, உருஷி மரம், நம்ம சேராங்கொட்டை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறி போட்டது சேராங்கொட்டைச் சாற்றில்தான். தோலில் பட்டால் புண்ணாகிவிடும். அதிலுள்ள பொருளுக்கும் இதே பாணியில்தான் பெயர்: இந்தியில் 'பிலாவா', வேதியியலில் 'பிலவனால்'. தமிழ்ப் பெயருக்கு அந்த யோகம் இல்லை!

அரிப்பு வருபவர்கள் பழத்தைக் கழுவி, வேறொருவரைத் தோல் சீவச் சொல்லிச் சாப்பிடலாம். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.