இஞ்ஞாசியார் கண்ட இரு கனவுகள்



பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளுக்கு இப்போது பல இடங்களில் ஒரு பயிற்சி தருகிறார்கள். கண்ணை மூடச் சொல்லி, பத்து ஆண்டு கழித்து எப்படி இருப்பாய் என்று மனத்தில் படம் பார்க்கச் சொல்கிறார்கள். தெரிகிற படம்தான் வாழ்வின் நோக்கமாம். "சாமி, என் மகனுக்கு நாளுக்கொரு படம் தெரிகிறது. எதை நம்புவது?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார்.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே சிக்கலில் இருந்தவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். 1521 மே 20 அன்று பம்பலோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியது. எலும்பு கோணலாகக் கூடியதால் மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். அப்போதும் முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. காலணி அணிந்தால் அசிங்கமாகத் தெரியுமே என்று, மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில் அதை அறுத்தெடுக்கச் சொன்னார். அழகின் மீது அவ்வளவு மோகம்!

படுக்கையில் கிடந்தவர் வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்வு பற்றிய நூலும் புனிதர் வரலாறுமே. வாசிக்காத நேரத்தில் கனவில் ஆழ்ந்தார். உயர்குலப் பெண் ஒருத்திக்காகத் தாம் செய்யப்போகும் வீரச் செயல்களையும், அவளிடம் பேசப்போகும் சொற்களையும் மூன்று நான்கு மணி நேரம் கற்பனை செய்வார். பிறகு, பிரான்சிசும் தோமினிக்கும் செய்ததைத் தாமும் செய்தால் என்ன என்ற நினைப்பு வரும். வெறுங்காலோடு எருசலேமுக்கு நடப்பதுபோலக் காண்பார்.

இரண்டும் இனித்தன. இதைக் கவனியுங்கள்: எது இனிக்கிறது என்பதை வைத்து அவரால் முடிவு செய்ய முடியவில்லை. ஆனால் முதல் கனவு கலைந்ததும் மனம் வறண்டு போனது. மற்றது கலைந்த பின்பும் மகிழ்ச்சி தங்கியது. இந்த வேறுபாட்டை அவர் கண்டுகொள்ளவே நாளாயிற்று. அந்தத் தாயிடமும் இதைத்தான் சொன்னேன்: படம் மறைந்த பிறகு மகன் மனத்தில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

கற்பனையை அவர் பின்னாளிலும் ஒதுக்கவில்லை. அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில், நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகும் வழி எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், குகை உயரமா தாழ்வா என்றெல்லாம் மனக்கண்ணால் பார்க்கச் சொல்கிறார். வாழ்க்கை நிலையைத் தேர்ந்துகொள்ளும் இடத்தில், சாகும் நேரத்தில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவாய் என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார்.

ஆனால் அவருடைய நல்ல கனவும் அப்படியே பலிக்கவில்லை. 1523இல் எருசலேம் சேர்ந்தார். சாகும்வரை அங்கேயே இருக்க எண்ணம். புனித இடங்களுக்குப் பொறுப்பான பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் மறுத்துவிட்டார். புறப்படுமுன் ஒலிவ மலைக்குத் தனியே ஓடினார். ஆண்டவர் விண்ணேறிய இடம் என்று காட்டப்படும் பாதத் தடத்தைப் பார்க்க, காவலருக்குப் பேனாக்கத்தியைக் கொடுத்தார். பார்த்துவிட்டு வந்தபின், வலப்பாதம் எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்று சந்தேகம் வர, திரும்பிப் போய் கத்தரிக்கோலைக் கொடுத்து மறுபடி பார்த்தார். அப்படி நேசித்த ஊரைவிட்டுத் திரும்பியவர், முப்பது வயது கடந்தபின் பார்சலோனாவில் இலத்தீன் பாடத்தைத் தொடக்கத்திலிருந்து படித்தார்.

பாரிசில் சேர்ந்த தோழர்களும் எருசலேம் போகவே வாக்களித்தார்கள். வெனிசுக்கும் துருக்கியருக்கும் போர் மூண்டதால் கப்பல் கிடைக்கவில்லை. திருத்தந்தை எங்கு அனுப்பினாலும் போவோம் என்றார்கள். 1540இல் இந்தியாவுக்குப் புறப்பட வேண்டியவர் பொபதில்லா. அவர் நோயில் விழுந்ததால் சவேரியார் கிளம்பினார். 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். இரு மொழியும் தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, அவற்றைச் சொல்லிக்கொடுத்தார்.